புருஷனை ஏலத்தில் எடுத்தவள்

உதைபந்தாட்டம் விளையாடுகிறவர்களைவிட அதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்களுக்குத்தான் மூச்சு அதிகம் வாங்கும். நான் இரண்டாவது வகை. ஒரு பந்தைக்கூட ஒழுங்காக உதைத்தது கிடையாது. (முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். ஒருநாள் பிள்ளைகளுக்கு உதைத்துக் காட்டப்போய், என் செருப்புத்தான் வேலிக்கு அப்பால் போனது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.) ஆனால் எந்தக் கழகம் யாரை வைத்திருக்க வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும், யாருக்கு அள்ளிக் கொடுத்தது முட்டாள்தனம் என்று கேட்டால், சோறு அடிப்பிடிக்கும்வரை பேசுவேன்.

கேட்கத்தான் ஆள் இருந்ததில்லை. பனிச்சங்கேணியில் அம்மா எனக்கென்று எழுதிவைத்த வீட்டில், அம்மா போன பிறகு நான் மட்டும்தான். அக்கா கனடாவில். குழாயடியில் பெண்களிடம் பின்களத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பாவம், வயது ஏறுகிறது என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். ஆண்களிடம் பேசினால் சிரிப்பார்கள். ஆக, என் கருத்துகளை நான் தேங்காய் துருவிக்கொண்டே எனக்குச் சொல்லி, நானே ஆமோதித்து, சில நாள் என்னோடு நானே கோபித்துக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாரி தொடங்கினால் போட்டிகள் ஓய்ந்துவிடும். வாவி மெல்ல ஏறிவந்து மைதானத்தில் படுத்துக்கொள்ளும். கோல் கம்பத்தின்மேல் கொக்கு நிற்கும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு இல்லாத காலம். எனக்கோ அதுதான் உச்சக்கட்டம். அடுத்த பருவத்துக்கு யார் இருப்பது, யார் போவது என்று முடிவாகிற காலம் அல்லவா? வெளிநாட்டுக் கழகங்கள் யாரை வாங்குகின்றன, யாரை விற்கின்றன என்று கைபேசியில் துருவித் துருவிப் பார்ப்பேன். பிறகு அதே கண்ணால் எங்கள் ஊர் வெள்ளிமீன் விளையாட்டுக் கழகத்தைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

எங்கள் மாவட்டச் சுற்றுப்போட்டியின் விதியை இங்கே சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் வெளிநாட்டுக் காசு வருகிற கழகங்கள் நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு வந்தது. சொந்த ஊர்ப் பொடியன்களை எத்தனை பேரையும் சும்மா வைத்துக்கொள்ளலாம். வெளியூர் வீரர் வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஏலத்தில் செலவழிக்க எல்லாக் கழகத்துக்கும் ஒரே அளவு, ஆயிரம் புள்ளி. முடிந்தால் முடிந்ததுதான்.

இந்த ஆயிரம் புள்ளியை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரே ஆளின் தலையில் காற்பங்குக்குமேல் கொட்டுகிற கழகம் உருப்படாது. எங்கள் கழகத் தலைவர் தம்பிராசா மாமா, என் அம்மாவின் தம்பி, வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். இந்தக் கொள்கையை அவருக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. நான் தொலைபேசியில் பேசத் தொடங்கினால், அதை மண்ணில் வைத்துவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கிவிடுவார் என்று மாமி சொன்னா. இடைக்கிடை ‘ஓம் புள்ள’ என்று மட்டும் குரல் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் உன்னிச்சையிலிருந்து யோகன் என்று ஒரு வரன் வந்தது. மேசன் வேலை. உன்னிச்சைக் கழகத்தில் இடதுபுறப் பின்களம். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிவிட்டு, வாய் சும்மா இராமல், “உங்கட கழகம் அந்தக் கோலிய ஏன் விட்டது?” என்று கேட்டுவிட்டேன். (கோலி என்றால் கோல்காப்பாளர்.) அவருடைய சித்தி இருமினா. தம்பிராசா மாமா கூரையைப் பார்த்தார். ஆனால் யோகன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விட்டது சரிதான் என்று காரணம் சொன்னார். நான் பிழை என்றேன். அவர் மறுத்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை இருவரும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். யோகனும் ஒரு பையும், சாந்து பூசுகிற சாந்தகப்பையும், ஒரு சோடி பூட்சுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த மாரி முழுக்க வெளியே மழை, உள்ளே வாக்குவாதம். நான் ஒன்று சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும் என்பது எனக்குப் புதிது. தன்னைப் பற்றியே ஒருநாள் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். வலது கால் உதவாது, திரும்புவதற்கு நேரம் எடுக்கிறார், நூறு புள்ளிக்குமேல் கொடுப்பது வீண். அவர் தலையைத் தலையை ஆட்டினார். (புதுப்பெண் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது விளங்கவில்லை.)

மழைக்கு மேசன் வேலை படுத்துவிட்டது. அவருடைய அண்ணன் கட்டாரில் இருந்தார். வா, இங்கே இடம் பார்த்துவைத்திருக்கிறேன் என்று அவர் தொலைபேசி எடுத்தபோதெல்லாம் அதே கதை. ஒருநாள் சாப்பிடும்போது இவர் சொன்னார், “இந்த முறை ஒருத்தரும் என்னை எடுக்காட்டி நான் கட்டாருக்குப் போறன். எடுத்தா சீசன் முடியும்வரைக்கும் இருப்பன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒருவர் வெளியில். எங்கள் கழகத்தின் கோல்காப்பாளரே இந்த மாரி தொடங்கினதோடு விமானம் ஏறினவர்தான். எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி அந்தத் தேங்காயோடு பேசுகிற வாழ்க்கைக்குப் போக எனக்கு மனமில்லை.

அந்த ஆண்டு ஏலப் பட்டியலில் யோகனின் பெயர் உன்னிச்சை வீரர் என்றே இருந்தது. கல்யாணத்துக்கு முதலே ஏலத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சரி, அடிவிலை இருபது புள்ளி, அதற்கு யாராவது ஒருவர் கை தூக்கத்தான் செய்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் கழகமே எடுக்கட்டும் என்று மாமாவிடம் கேட்க வெட்கம். கொள்கை பேசினவள் போய்ப் புருஷனுக்குச் சிபாரிசு செய்வதா? ஆனால் ஏலத்துக்கு நானும் வருவேன் என்று நின்றேன். கழகச் செயலாளர் காய்ச்சலில் கிடந்தபடியாலும், நான் பேச்சை நிறுத்தாதபடியாலும், மாமா சம்மதித்தார்.

புளியந்தீவில் ஒரு மண்டபம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் கழகத்தின் பெயர், ஒரு மேசைப்பந்து மட்டை. மட்டையைத் தூக்கினால் கேட்கிறோம் என்று அர்த்தம். மண்டபத்தில் நான் ஒருத்திதான் பெண். ஏலம் தொடங்குமுன் தலைவர்மார் எல்லாரும் பின்விறாந்தைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆண்கள் சிரிப்பதற்கு என்ன காரணம் வேண்டும் என்று நானும் கணக்கெடுக்கவில்லை.

தொடக்கம் நன்றாகத்தான் போனது. நான் மாமாவின் காதுக்குள் சொல்லச் சொல்ல, ஒரு நல்ல மத்தியகள வீரரை இருநூறு புள்ளிக்கு எடுத்தோம். காற்பங்குக்குள்தான். அடுத்தது கோல்காப்பாளர் என்று திட்டம். மிச்சம் எண்ணூறு இருந்தது, நான் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமாவுக்கு வெற்றிலை நினைவு வந்துவிட்டது. மட்டையை என் மடியில் வைத்தார்.

“இதப் பிடிச்சிட்டு இரி புள்ள. நான் வரும்வரைக்கும் ஒண்டும் கேக்காத.”

அவர் படியிறங்கின கையோடு அறிவிப்பாளர் வாசித்தார். உன்னிச்சை, யோகன், பின்களம், இடது கால், அடிவிலை இருபது.

ஒரு மட்டையும் அசையவில்லை.

அப்படி ஓர் அமைதியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் நகத்தைப் பார்த்தார். உன்னிச்சைக் கழகத்தின் தலைவர், இத்தனை காலம் இவரை விளையாடவைத்தவர், கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நகரக் கழகத் தலைவர் அந்தோனி அண்ணன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் புருஷனை இருபதுக்கும் நாய் சீண்டாது என்று சொல்கிற சிரிப்பாகவே எனக்குப் பட்டது.

“ஒருதரம்,” என்றார் அறிவிப்பாளர்.

என் கண்ணுக்குள் விமான நிலையம் வந்தது.

“ரெண்டுதரம்...”

மட்டை மேலே போய்விட்டது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன், அது போயிற்று. அறிவிப்பாளர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அந்தோனி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் மட்டையைத் தூக்கினார். நாற்பது. நான் நூறு என்றேன். அவர் நூற்றைம்பது. எனக்கு ஏறிவிட்டது. இவ்வளவு நேரமும் வேண்டாத ஆள், நான் கேட்டவுடனே வேண்டுமாம். நூற்றெண்பது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இருநூறு என்றார்.

இருநூற்றுக்குப் பிறகு இருநூற்றிருபது என்று ஓர் எண் இருக்கிறது. அது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. கதிரை பின்னால் சாய நான் எழும்பி நின்றேன்.

“எண்ணூறு.”

அந்தோனி அண்ணன் மட்டையை மேசையில் குப்புறக் கவிழ்த்தார். ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். மண்டபம் கை தட்டியது, யாரோ விசிலும் அடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவர் போகமாட்டார். என் தலைக்குள் இருந்தது அவ்வளவுதான்.

வெற்றிலைக் கன்னத்தோடு உள்ளே வந்த மாமா, பலகையில் எங்கள் கழகத்துக்கு நேரே பூச்சியத்தைக் கண்டு நின்றார். யாரை எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நான் விளங்காத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டேன் என்பதுபோல என்னையே பார்த்தார்.

“உன்ட வீட்டில சோறு தின்னுற ஆள எதுக்குப் புள்ள ஏலத்தில எடுத்த?”

அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. பின்விறாந்தையில் தேத்தண்ணியோடு பேசி முடித்துவிட்டார்களாம். பெயர் எந்த ஊரில் இருந்தாலும், பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பெண்ணின் ஊர்க்காரன். ஆக, யோகன் பனிச்சங்கேணி வீரர். எங்கள் கழகத்துக்குப் புள்ளியே இல்லாமல் சொந்தம். வாசிக்கிறபோது யாரும் கேட்காமல் விடுவது, கடைசியில் மாமா எழும்பி ‘எங்கட மாப்பிள்ளை’ என்று ஒரு சொல் சொல்லுவது, அவ்வளவுதான் ஏற்பாடு. உன்னிச்சைத் தலைவர்தான் முதல் ஆளாக ‘அவன் இனி உங்கட ஆள்’ என்று சொன்னவராம். அந்த அமைதி மரியாதைக்கு இருந்த அமைதி. அந்தோனி அண்ணன் சிரித்தது, புருஷனின் பெயர் வாசிக்கும்போது புதுப்பெண்ணைப் பார்த்து எவரும் சிரிக்கிற சிரிப்பு. எங்கள் கழகமே கேட்டதும், பேச்சு மாறிவிட்டது, பொடியனில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நினைத்து அவரும் ஏலம் கேட்டிருக்கிறார்.

இதை எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? மட்டக்களப்பில் பிறந்து, தாய் கொடுத்த வீட்டில் புருஷனைக் கூட்டிவந்து வைத்திருக்கிற ஒருத்திக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று எந்தப் பின்கள வீரரை எதற்கு விட்டது என்று எனக்குத் தெரியும். என் புருஷன் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. அவ்வளவு பெரிய ரசிகை.

மாமா ஏலக் குழுவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். தூக்கின மட்டை தூக்கினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் கண்வைத்திருந்த கோல்காப்பாளர் வந்தார். எங்களிடம் ஒரு புள்ளி இல்லை. அந்தோனி அண்ணன் அடிவிலைக்குக் கொஞ்சம்மேல் கொடுத்து அள்ளிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போதுதான் வாய் திறந்து, “கோலிக்கு என்ன செய்யிற?” என்று கேட்டார். வாவியைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

செய்தி எனக்கு முன்னமே வீடு வந்துவிட்டது. இவர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

“எண்ணூறா? நூறும் பெறமாட்டன் எண்டுதானே சொன்ன நீ?”

நான் அழுதுவிட்டேன். ஒருத்தரும் கை தூக்கவில்லை, நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்துவிட்டேன் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“நான் அத சும்மா ஒரு கதைக்குச் சொன்ன புள்ள. விசாவுக்குப் பாஸ்போட் போன கிழமையே குடுத்தாச்சு. உனக்கு எப்பிடிச் சொல்லுற எண்டுதான் தெரியல்ல.”

அவரை ஏலத்தில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகத்தான் இருந்தார். நான் அங்கேயே குந்திவிட்டேன். பிறகு அவர் என் முன்னாலேயே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார். சீசன் முடியட்டும் என்றார். அங்கிருந்து ஏச்சு விழுவது எனக்கும் கேட்டது. இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இல்லண்ணன், ஏலாது. இவ என்னைக் கூடின விலைக்கு எடுத்திட்டா,” என்று சொன்னார்.

கோல்காப்பாளருக்குப் புள்ளி இல்லை, ஊரிலும் ஆள் இல்லை. ஆக, எண்ணூறு புள்ளிக்கு எடுத்த இடதுபுறப் பின்களத்தைத்தான் மாமா கோலில் நிறுத்தினார். இவர் அதற்கு முன் கையால் பந்து தொட்டது, வெளியே போனதை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும்தான். முதல் போட்டியில் பந்து உள்ளே போகப் போக, எதிர்ப்பக்கத்துச் சனம் ‘எண்ணூறு! எண்ணூறு!’ என்று கூவத் தொடங்கிற்று. பிறகு எங்கள் சனமும் கூவிற்று. ஒருதரம் தண்ட உதை ஒன்றைத் தடுத்தார். (முகத்தால். விலகத்தான் பார்த்தாராம், திரும்புவதற்கு நேரம் போதவில்லை.) அன்றைக்கு மைதானம் முழுக்க அந்த எண்ணைச் சொல்லி ஆடியது. நான் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். வீங்கின கன்னத்தோடு என்னைத் தேடிப் பார்த்துக் கை காட்டினார். புள்ளிப் பட்டியலில் நாங்கள் கடைசி.

கருத்துச் சொல்கிறவளாகச் சொன்னால், எங்கள் மாவட்டத்தில் இதைவிட மோசமான எடுப்பு நடந்ததில்லை. கொள்கை, காற்பங்கு எல்லாம் காற்றில் போயிற்று, சும்மா கிடைக்கிற ஆளுக்கு முழு விலை. ஆனால் ஒவ்வொரு போட்டி முடிந்தும் நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் சண்டை பிடித்துக்கொண்டு வீடு வருவோம், நின்ற இடம் பிழை, பாய்ந்த பக்கம் பிழை என்று. அந்த ஒரு பருவத்துக்கு ஆயிரமும் கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.

மழை வந்தது, வாவி ஏறியது, இவர் போனார். பூட்சை எடுத்துப் போகவில்லை. அது கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

பெயர் மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது. ஏல மண்டபத்துக்கு நான் போனால் தலைவர்மார் மட்டையை மடிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சந்தையில் நான் மீன் விலை கேட்டால், “மருமகளக் கேக்க விடாதீங்க, ஏத்தி விட்டிருவா,” என்று மாமா குறுக்கே வருவார். கனடாவில் இருக்கிற அக்காவின் பிள்ளைகள்கூட, முகம் தெரியாத தங்கள் சித்தப்பாவை எண்ணூறு சித்தப்பா என்றுதான் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இவருக்கு அங்கே லீவு. பகல் சமையல் நேரம் கைபேசியில் முகம் வரும். வெள்ளிமீன் இந்த முறை யாரை வைத்திருக்கிறது, யாரை விட்டது என்று நான் ஒப்புவிப்பேன். அவர் மறுப்பார். ஆனால் வரவர மறுப்புக் குறைகிறது. புது வீரர்களை அவருக்குத் தெரியாது. வேலைக் களைப்பு வேறு. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். அவருடைய அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பாளரின் குரலில் தொடங்குவார். “உன்னிச்சை, யோகன், பின்களம், இடது கால். ஒருதரம்...” பின்னால் அறைக்காரர்கள் சிரிப்பது கேட்கும். “ரெண்டுதரம்...”

நான் என்ன வேலையாக இருந்தாலும், தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு, கையைத் தூக்குவேன். மூன்றாம் தரத்தை அவர் இதுவரை சொன்னதில்லை. பார்த்துச் சிரித்துவிட்டு, வைக்கிறேன் என்று வைத்துவிடுவார். அதற்குப் பிறகும் என் கை கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். பார்க்க வீட்டில் ஆள் இல்லாதபடியால் பரவாயில்லை.